விரலை எடுக்காத ரசிகர்

பழைய படத்து ரசிகர் என்று ஒரு இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். உங்கள் ஆபீசிலேயே, மேனேஜர் அறையை ஒட்டி, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும்.

நான் தொழிற்சங்க வேலை பார்த்த காலத்தில் எங்கள் பிரிவிலும் ஒருவர் இருந்தார். சீனியர். அவருக்கு உலகத்தில் ஒரே படம்தான். கறுப்பு வெள்ளை, ஒரு ஆபீஸ், ஒரு குமாஸ்தா, ஒரு டைப்பிஸ்ட், இரண்டு பேருக்கும் காதல், நடுவில் ஒரு சிடுமூஞ்சி மேனேஜர். குமாஸ்தா நாற்காலியோடு சரிவதையும், மேனேஜர் தொப்பிக்குள் காதலி பூ ஒளிப்பதையும் நடித்தே காட்டி, நம் டீ ஆறி ஏடு கட்டிய பிறகுதான் கடைசிக் காட்சிக்கு வருவார். மேனேஜர் அந்தப் பெண்ணை வேலையைவிட்டு நிறுத்துகிறார். குமாஸ்தா டைப் மெஷினிலிருந்து கையை எடுக்கிறான். பக்கத்து மேசையும் எடுக்கிறது. அதற்கடுத்ததும். ஹாலே அடங்குகிறது. மேனேஜர் இறங்கி வருகிறார்.

"மியூசிக்கே கிடையாது, கவனிச்சியா? அந்த அமைதி இருக்கே, அதான்யா படம்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

இதே மனிதரிடம் சங்கத்துக்குக் கையெழுத்துக் கேட்டுப் பாருங்கள். பேனா எழுதாது. விரல் சுளுக்கிக்கொள்ளும். வீட்டிலிருந்து போன் வரும்.

எங்கள் வரவேற்பு மேசைப் பெண்ணும் கணக்கரும் கல்யாணம் செய்துகொள்வதாக ஒரு நாள் சொன்னார்கள். மறுநாள் மேனேஜர் ஹாலுக்கே வந்துவிட்டார்.

"ஆபீஸ்ல இதெல்லாம் சரிப்படாதும்மா. திங்கக்கிழமையிலருந்து நீ வெளியூர் கிளை."

"அம்மா படுக்கையில இருக்காங்க சார். தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"

"அது உன் சொந்த விஷயம்."

கணக்கர் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தார். நான் எடுத்தேன். பக்கத்து மேசை எடுத்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் காட்சியை எத்தனை டீக்குக் கேட்டிருக்கிறோம்? ஹாலே அடங்கியது. மேனேஜர் திரும்பிப் பார்த்தார். முகம் லேசாக மாறியது.

டக், டக், டக்.

மின்விசிறிக்குக் கீழேயிருந்துதான்.

"பாருங்கய்யா, ஒருத்தராவது வேலை பாக்கறாரு" என்றார் மேனேஜர், மூச்சு திரும்பியவராக. சீனியரே தட்டுகிறார் என்று ஒருவர் கீபோர்டில் கையை வைத்தார், அவரைப் பார்த்து இன்னொருவர். படம் பின்பக்கமாக ஓடியது. மிச்சம் நானும் கணக்கரும். இரண்டு பேருக்குப் பயந்த மேனேஜரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

கடைசி நாளில் அவள் பையை எடுத்துக்கொண்டு நேரே ரசிகரிடம் போனாள்.

"சார், அந்தக் கடைசி சீன்ல ஒருத்தர் மட்டும் தட்டிக்கிட்டே இருந்திருந்தா?"

ரசிகர் ரொம்பத் தீவிரமாக யோசித்தார். "அதெப்படிம்மா? சீனே செத்துடும். படமே நாசம்."

"அதான் சார்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

"நல்ல ரசனை அந்தப் பொண்ணுக்கு" என்றார் எங்களிடம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்களும் ஏதோ ஒரு படத்தில் ஏதோ ஒரு குமாஸ்தாவுக்காகக் கைதட்டிய ஆள்தானே. பக்கத்து மேசையில் யாரையாவது மேனேஜர் எழுப்பி அனுப்பிய அன்று அந்தக் கை எங்கே இருந்தது? எனக்குப் பதில் வேண்டாம். இதைப் படிக்கும்போதாவது தட்டுவதை நிறுத்தினீர்களா, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.