வா சாமி, வாங்க சாமி

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சரவணமுத்து ஒரு சத்தம் போட்டால் பத்துப் பேர் சுத்தியலைக் கீழே வைப்பார்கள். அதே சத்தத்தை வீட்டில் போட்டுப் பார்த்தார். ஒரு பூனை மட்டும் பயந்து பீரோவுக்கு அடியில் ஓடியது. பெண்டாட்டி மோகனப்பிரியா அசையவே இல்லை.

ரோட்டில் அடிபட இருந்த பூனை அது. மோகனப்பிரியாவின் சிநேகிதி ஒருத்தி காப்பாற்றி வைத்திருந்ததை இவள் தூக்கி வந்துவிட்டாள். மகள் கோயமுத்தூருக்குப் படிக்கப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறதாம். பேச்சுத் துணைக்கு ஓர் உயிர் வேண்டுமாம்.

"அப்ப நானென்ன ஸ்டெப்னியா?" என்று எகிறினார் சரவணமுத்து. "ஒரு வாரம் கெடு. அதுக்குள்ள அது தானா வந்து மடியில உக்காரோணும். இல்லீன்னா திருப்பிக் குடுத்துரோணும்."

"ஆரு மடியில வேணாலுமாங்க?"

"ஆரு மடியா இருந்தா என்ன?"

"சரீங்க."

இவ்வளவு சுலபமாக அவள் ஒருநாளும் சரி சொன்னதில்லை. மனுஷன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மூன்று நாளாகப் பூனையின் வால்கூடக் கண்ணில் படவில்லை. நாலாம் நாள் உள்ளறையிலிருந்து தேனாக ஒரு குரல். "வா சாமி, முட்டை வேக வெச்சிருக்கேன், வா சாமி!" கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் கேட்காத குரல்! சரவணமுத்து மிளகுத்தூள் டப்பாவோடு ஓடினார்.

அவள் பீரோவுக்கு முன்னால் குப்புறப் படுத்திருந்தாள். "ஏனுங்க, உங்களைப் போயி 'வா'ன்னு கூப்புடுவனா? 'வா சாமி'ன்னா பூனை. 'வாங்க சாமி'ன்னாத்தான் நீங்க."

"பூனைக்கு முட்டை! எனக்குப் போட ஒரு பனியன் இல்லை. மூணு பனியன் எங்க போச்சு?"

"தேடறேனுங்க."

ஏழாம் நாள் சாயங்காலம் அவள் காய் வாங்கப் போயிருந்தாள். சரவணமுத்து சோபாவில் சாய்ந்திருந்தார். காலில் ஏதோ உரசியது. பூனை! மோந்து பார்த்தது. மடியில் ஏறியது. சுருண்டு படுத்து, கர்கர்ரென்று சொக்கியது.

அவள் வருமுன் இறக்கிவிட்டால் பந்தயம் அவர் பக்கம். தள்ளத்தான் கையைத் தூக்கினார். கை என்னடாவென்றால் தடவிக் கொடுத்தது. "பயந்தாங்கொள்ளி, என்னையப் பாத்தா உனக்குப் பயமில்லியா?" என்று கேட்டார். கால் மரத்துப் போயும் அசையவில்லை.

மோகனப்பிரியா வந்து பார்த்தாள். பீரோவுக்கு அடியில் கைவிட்டு மூன்று பனியனையும் இழுத்துப் போட்டாள். ஒரே பூனை முடி.

"உங்க வாசம் பழகட்டும்னு படுக்கப் போட்டிருந்தேனுங்க."

"ஏன், உன் சேலையைப் போட வேண்டியதுதான?"

"எம் மடியில ஏறுனா, வேற சாக்குச் சொல்லி ஊட்டுல வெச்சுக்க உடமாட்டீங்க. உங்க மடியில ஏறுனா, அதைய நீங்களே உடமாட்டீங்க."

சரவணமுத்துவுக்கு உள்ளுக்குள் ரொம்பச் சந்தோஷம். அதை வெளியே காட்டினால் மானம் என்னாவது?

சற்றைக்கெல்லாம் சமையலறையிலிருந்து அதே தேன் குரல். "வாங்க சாமி, முட்டை ஆறிப்போகுது, வாங்க!"

'வாங்க'! மனுஷன் முகம் மலர எழப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க உக்காருங்க. பந்தயத்துல ஜெயிச்சது பூனைதானுங்களே, இனி மரியாதை அதுக்குத்தான்."