விரித்தால் ஓடும் என்று நீ அனுப்பிய கணித சீடி

வெள்ளவத்தை,
14.06.2008.

அன்புள்ள மருமகன் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு,

நீயும் மருமகளும் ரொறன்ரோவில் குறைவின்றி இருக்க இறைவன் அருள்வானாக. இங்கே நானும் மாமியும் இன்றைய தேதிவரை வீட்டிலேயே இருக்கிறோம். அதுவே பெரிய விஷயம் என்பது தொடர்ந்து வாசித்தால் உனக்கு விளங்கும்.

கணித மென்பொருள் சீடி வியாழக்கிழமை கிடைத்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சும்மா இருக்கக்கூடாது, லினக்ஸில் இதைப் போட்டால் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வளைகோடுகளை வரைந்தே காட்டலாம், இலவசம், மூல நிரலிலிருந்து நாள்முழுக்கக் கட்டத் தேவையில்லை, கட்டிமுடித்துச் சுருக்கிய பொதியாகவே இருக்கிறது, கணினியில் விரித்து ஓடவிட்டால் சரி என்று எழுதியிருந்தாய். நானும் நேற்றுக் காலை பத்து மணிக்கு விரிக்கத் தொடங்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர், பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர். வீட்டிலுள்ள தமிழரின் பொலிஸ் பதிவைச் சரிபார்க்க வந்தவர்களாம். போன கிழமை இப்படித்தான் வந்து மேல்மாடி நவரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள்தான் திரும்பினார். இன்னும் யாரோடும் கதைக்கிறாரில்லை.

சார்ஜன்ட் பதிவுத் துண்டைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

"மொகக்த மே?" என்றார். இது என்ன என்கிறார்.

எனக்குத் தெரிந்த சிங்களம் அந்த நேரம் எங்கோ ஓடிவிட்டது. மிச்சமிருந்ததில், "பார்சல், மாத்தயா. கனடாவிலயிருந்து வந்தது. இப்ப தானா விரியுது" என்று சொன்னேன்.

துப்பாக்கிக்காரர் இருவரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"விரிஞ்சு முடிய எவ்வளவு நேரம்?" என்று சார்ஜன்ட் மெதுவாகக் கேட்டார்.

"அஞ்சு நிமிஷம், மாத்தயா."

அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. "கணக்கு, மாத்தயா! குண்டில்லை, கணக்குப் போடுற சாமான்!" என்று கத்தினேன்.

"அப்ப போட்டுக் காட்டு."

விரிந்து முடிந்ததும் நீ எழுதிய கட்டளையை அடித்தேன். அப்படியொரு கோப்பே இல்லை என்றது இயந்திரம். கோப்பு கண்முன்னே கிடக்கிறது! மறுபடி அடித்தேன், இல்லை.

"ஒளிச்சுப்போட்டியா?" என்றார் சார்ஜன்ட். செருப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். அப்போதுதான் மாமி அகப்பையோடு குசினியிலிருந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு பிட் எண்டதையெல்லோ விரிச்சிருக்கிறியள்! எங்கட புது மெசினுக்கு அறுபத்திநாலு பிட் எண்டதைத்தான் போடவேணும். தம்பி கடிதத்தில எழுதியிருக்கிறான். நீங்கள் ரெண்டாம் பக்கம் வாசிக்கேல்லையே?"

சீடியில் இருந்த மற்றப் பொதியை விரித்தேன். சார்ஜன்ட் என் கதிரையைப் பிடித்தபடி நின்றார். ஓடியது! எந்த எண்ணையும் சின்ன எண்களாகப் பிரித்துக் காட்டும் என்றேன்.

"என்ர பொலிஸ் நம்பரைப் போடு. ஐம்பதினாயிரத்து இருபத்தொன்று."

போட்டேன். பிரியவில்லை. "இது பகா எண், மாத்தயா. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் இதைப் பிரிக்க ஏலாது" என்றேன். சார்ஜன்ட் நிமிர்ந்து நின்றார். மற்ற இருவரும் தங்கள் இலக்கங்களைத் தந்தார்கள். ஒருவருடையது இரண்டாலேயே பிரிந்தது, மற்றவருடையது மூன்றால். சார்ஜன்ட் சிரித்த சிரிப்பு படியிறங்கும்வரை கேட்டது.

அவர்கள் போன பிறகு நான் நிலத்தில் இருந்துவிட்டேன். மாமி ஊற்றிய தேத்தண்ணியில் பாதி கோப்பையில் விழாமல் பீரிசில்தான் விழுந்தது. உடனே எல்லாவற்றையும் கணினியிலிருந்து அழித்தேன். சீடியை நாலாக உடைத்து, கடதாசியில் சுற்றி, குப்பை வண்டியில் போட்டேன். இனிமேல் தானாக விரியும் எதையும் இந்த வீட்டுக்கு அனுப்பாதே. இது மாமாவின் கண்டிப்பான கட்டளை.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள் என்றும் உண்டு.

அன்பு மாமா,
நாகேந்திரம்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் கணினியின் சீடித் தட்டைத் திறந்தால் கணித சீடி உள்ளேயே இருக்கிறது. ஆகவே அறுபத்திநாலை மறுபடி போட்டுவிட்டேன். அருமையாக ஓடுகிறது, புதுப் பதிப்பு வந்தால் அனுப்பவும். நான் நாலாக உடைத்தது அதே உறையில் வந்த உங்கள் கலியாண வீடியோ சீடி. நாளைக்கு அதைப் பார்க்க மாமி பதினெட்டுப் பேரைக் கூப்பிட்டிருக்கிறார். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.