புளித்த பதநீரும் என் மாமனாரும்

மனைவி ஆசைப்பட்டதைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டு வெற்றிலை போடுகிறவன் நிம்மதியாக வாழ்வான். "இதென்ன பிரமாதம், நானே செய்து தருகிறேன்" என்று சொல்கிறவன் என்னைப்போல உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருப்பான்.

பிள்ளைகளா, இந்தக் கதையை உங்கள் அம்மா உங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவள் ஆரம்பித்ததும் நான் எழுந்து கிணற்றடிப் பக்கம் போய்விடுவேன். எட்டாம் வகுப்போடு நின்ற எழுத்துதான் என்னுடையது. ஆனாலும் என் தரப்பு நியாயத்தையும் ஒரு தடவை எழுதிவைக்க வேண்டாமா?

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான். தென்காசியில் ஒரு மரக்கடையில் தடி அளக்கிற வேலை எனக்கு. சனிக்கிழமை முதலாளிக்கு எண்ணெய் முழுக்கு. மத்தியானத்துக்கு மேல் எங்களைத் தேட ஆள் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை லீவு. இந்த ஒன்றரை நாளில்தான் எனக்குக் கை ஊறல் எடுக்கும். மரக்கடையில் கழித்துப் போட்ட துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஏதாவது செய்வேன். கிளிக்கூண்டு ஒன்று செய்தேன். கிளி உள்ளே போன வழியாகவே வெளியே வந்து கூண்டின்மேல் உட்கார்ந்துகொண்டது. முக்காலி ஒன்று செய்தேன். அதில் உட்காருகிறவர்கள் ஒரு காலைத் தரையில் பலமாக ஊன்றிக்கொள்ள வேண்டும். (உங்கள் அம்மா அதற்கு வைத்த பெயர் 'ஊஞ்சல்'.)

உங்கள் அம்மாவுக்கு ஏழாம் மாசம். பெரியவளே, வயிற்றில் இருந்தது நீதான். சித்திரை வெயிலில் புழுங்கிக்கொண்டு ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"எனக்கு ரொட்டி திங்கணும்போல இருக்கு."

சின்ன வயதில் சீசனுக்குக் குற்றாலம் போயிருந்தபோது பங்களாத் துரைசாணி ஒருத்தி அவள் கையில் ஒரு துண்டு ரொட்டி கொடுத்தாளாம். பஞ்சுபோல இருந்ததாம். அதே ரொட்டிதான் வேண்டுமாம். குற்றாலத்தில் ரொட்டி விற்கிற கடையெல்லாம் சாரல் விழுந்த பிறகுதான் முளைக்கும். சித்திரையில் அருவியே பாறையில் ஈரக்கறையாகத்தான் இருந்தது.

"திருநெல்வேலிக்கு ரயில் ஏறிப் போனா கிடைக்கும்லா?" என்றாள்.

"ரொட்டிக்குப் போய் ரயில் ஏறுவானா ஒருத்தன்? கை எதுக்கு இருக்கு? நான் செஞ்சு தாரேன்."

அவள் ஊஞ்சலைப் பார்த்தாள். பிறகு கிளிக்கூண்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வயித்துப்பிள்ளைக்காரி கேட்டது கிடைக்கலேன்னா பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும்னு சொல்லுதாங்க."

அதற்குப் பிறகு என்னைத் தடுக்க யாரால் முடியும்? அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக அச்சன்புதூரிலிருந்து என் மாமனார் வருவதற்குள் ரொட்டி அவள் வாய்க்குள் போயாக வேண்டும் என்று சபதம் எடுத்தேன்.

முதல் வேலை அடுப்பு. ஒரு மண்ணெண்ணெய்த் தகர டின்னை எடுத்தேன். புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், வாசம் போகவில்லை. ஒரு பக்கத்தை வெட்டிக் கதவு வைத்து, அடியில் மணல் பரப்பி, சுற்றிலும் களிமண் பூசிக் கொல்லையில் நிறுத்தினேன். கீழே கரி, மேலே கரி, நடுவில் ரொட்டி. பார்ப்பதற்குக் கம்பீரமாகவே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கோதுமை மாவைப் பிசைந்து உள்ளே வைத்தேன். வெளியே வந்தது பலகை. மரக்கடையில் வைத்திருந்தால் அளந்து விலை சொல்லியிருப்பேன். மறுநாள் சோடா உப்பு போட்டேன். மஞ்சளாக, சவுக்காரக் கட்டிபோல வந்தது. உங்கள் அம்மா வாயில் வைத்துவிட்டு, "துணிக்கு ஆகும்" என்றாள்.

நான் விடுவேனா? அடுத்த சனிக்கிழமை மத்தியானம் குற்றாலத்துக்கு நடந்தே போய், பங்களாச் சமையல்காரர் அந்தோணி அண்ணாச்சியைப் பிடித்தேன்.

"கள்ளு ஊத்துனாத்தான் மாவு பொங்கும்," என்றார் அவர்.

"கள்ளா!"

"ஆமா. துரைமார் திங்குத ரொட்டி பின்ன எப்படிப் பொங்குதுங்கீரு? புளிச்ச கள்ளா இருக்கணும். நாக்குல தொட்டுப் பாத்து வாங்கும்."

"எவ்வளவு ஊத்தணும் அண்ணாச்சி?"

"அதை மாவே சொல்லும்."

(அந்த மாவு என்னிடம் கடைசிவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.)

இங்கே உங்கள் தாத்தாவைப்பற்றிச் சொல்லிவிட வேண்டும். கள்ளுக்கடை வாசலில் நின்று, குடிக்க வருகிறவர்கள் காலில் விழுந்து, "வேண்டாம்யா, வீட்டுக்குப் போங்க" என்று கெஞ்சித் திருப்பி அனுப்புகிறவர் அவர். நரைத்த மீசையும் கதர்த் துண்டுமாக அவர் காலில் விழுந்துவிடுவாரே என்கிற பயத்திலேயே அச்சன்புதூரில் பாதிப் பேர் குடியை விட்டுவிட்டார்களாம். அவருடைய மாப்பிள்ளைக்குத்தான் கள் தேவைப்பட்டது. அதுவும் அவர் பெண்ணை அழைத்துப்போக வருகிற அதே ஞாயிற்றுக்கிழமை. அடுத்த லீவு வரை பொறுத்தால் ரொட்டியைத் தின்ன ஆள் இருக்காது.

விடிந்ததும் கிளம்பினேன். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். காலங்காத்தாலே முகத்தை மூடிக்கொண்டு போகிறவன் எங்கே போகிறான் என்பது ஊருக்கே தெரியும் என்பது எனக்குத்தான் தெரியவில்லை. ஊருக்கு வெளியே பனங்காட்டை ஒட்டியிருந்த கடையில் ஒரு செம்பு வாங்கினேன். அண்ணாச்சி சொன்னபடி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். புளித்தது. திரும்பி ரோட்டில் ஏறினேன்.

எதிரே ஒரு வில்வண்டி வந்து நின்றது.

"மாப்ளேயா அது? துண்டை எடும்."

எடுத்தேன். வண்டிக்குள்ளிருந்து மீசை முதலில் தெரிந்தது.

"காலையிலேயே எங்கன போயிட்டு வாரீரு? செம்புல என்ன?"

"பதநீர் மாமா."

பனையில் பதநீர் இறக்குகிற காலம்தானே, நம்பத் தகுந்த பொய். அதைத்தான் நான் யோசிக்கவில்லை. பொய் நன்றாக இருந்ததால் அவர் நம்பிவிட்டார்.

"பதநீரா! நல்ல நேரத்துல வந்தீரு. தொண்டை வறண்டு கிடக்கு. இங்கன கொடும், ஒரு வாய் குடிக்கேன்."

செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஆயுசு முழுக்க ஒரு சொட்டுத் தொடாத மனுஷன்!

"வேண்டாம் மாமா."

"ஏன்?"

"இது… கொஞ்சம் புளிச்ச பதநீர்."

மாமனார் வண்டியைவிட்டு மெதுவாக இறங்கினார்.

"புளிச்ச பதநீருக்குப் பேர் என்ன மாப்ளே?"

செம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"ஊதும்."

ஊதினேன். அந்த ஒரு விரல் கள் அப்போது ஒரு பானைக் கள்ளாக மணத்தது. மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. என் காலில் விழப் போகிறார்!

"மாமா, வேண்டாம் மாமா!" என்று பின்னால் துள்ளினேன். அவர் குனிந்த வாக்கிலேயே முன்னால் வந்தார். நான் வண்டியைச் சுற்றி ஓடினேன். அவர் கும்பிட்ட கையோடு என் பின்னாலேயே சுற்றி வந்தார். "எம் பொண்ணுக்காகச் சொல்லுதேன், விட்டுரும் மாப்ளே!" இத்தனை ஓட்டத்திலும் செம்பிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் பார்த்துக்கொண்டேன். அதுதான் அவருக்கு இன்னும் வருத்தமாகப் போயிற்று. "இவ்வளவு பத்திரமா பிடிச்சிருக்கீரே!" என்று கண் கலங்கினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகளிடம் சொன்னார்: "ஏட்டி, உன் துணிமணி எல்லாத்தையும் கட்டு. ராகுகாலத்துக்கு முன்னாலே கிளம்புதோம். பிள்ளை பிறந்தாலும் இனி உன்னை இங்க அனுப்புதா இல்லை. குடிகார வீட்டுல என் பேரப்பிள்ளை வளர வேண்டாம்."

உங்கள் அம்மா என்னைக் காப்பாற்ற ஓடிவந்தாள்.

"அப்பா, அவுகளைத் திட்டாதீங்க. கள்ளு அவுகளுக்கு இல்ல. எனக்கு!"

"உனக்கா!" மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, ரொட்டிக்கு அப்பா! மாவுல ஊத்த!"

"மாவுல எதுக்குக் கள்ளு? கோதுமையும் குடிக்குமோ?"

ஒருவழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தோம். அவர் நம்பவில்லை. மாட்டிக்கொண்ட குடிகாரர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. வயிற்றுவலிக்கு, மாட்டுக்கு, சித்தப்பாவுக்கு என்று எத்தனையோ கேட்டிருக்கிறார். ரொட்டிக்கு என்று யாரும் சொன்னதில்லை.

"சரி. ரொட்டியைக் காட்டும், நம்புதேன். காட்டலேன்னா நான் சொன்னது சொன்னதுதான்."

அவர் கண் முன்னாலேயே மாவில் கள்ளை ஊற்றிப் பிசைந்தேன். மிச்சத்தைச் சாம்பல் குழியில் கொட்டச் சொன்னார், கொட்டினேன். பிறகு முக்காலியைக் கொல்லைக்குக் கொண்டுவந்து, அடுப்புக்கு எதிரே போட்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். ஜட்ஜுக்குமுன் நிற்கிற மாதிரி நான் நின்றேன். பெண்டாட்டி, பிறக்கப்போகிற பிள்ளை எல்லாம் அந்தப் பிசைந்த மாவை நம்பிக் கிடந்தது.

மத்தியான வெயிலில் மாவு எழும்ப ஆரம்பித்தது. மூடியிருந்த துணி உயர்ந்தது. சட்டி விளிம்பைத் தாண்டி மாவு வெளியே எட்டிப் பார்த்தது.

"பொங்குது மாமா! பொங்குது!"

மாமனார் கோபத்தை மறந்து எழுந்து வந்தார். விரலால் ஒரு குத்துக் குத்தினார். மாவு அமுங்கி மறுபடி எழுந்தது. "என்னவே இது, உயிர் இருக்குத மாதிரில்லா இருக்கு!" என்றார். என் மார்பும் அந்த மாவுக்குப் போட்டியாகப் பொங்கியது.

அடுப்பில் வைத்தேன். நேரம் குறைவு என்று கரியை இரட்டிப்பாகப் போட்டு விசிறினேன். கொஞ்ச நேரத்தில் ரொட்டி வாசம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மண்ணெண்ணெய் வாசத்தை மீறிக்கொண்டு ரொட்டி வாசம் வந்தது. உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அதே வாசம்!" என்றாள்.

அப்போதுதான் டின் முனகியது.

தகர டின்னை ஈயம் வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள், சூட்டில் ஈயம் உருகும். மரம் அளக்கிறவனுக்கு இதை யார் சொல்லித்தருவது? டின்னின் பக்கங்கள் நான்கும் தாமரைபோல விரிந்தன. களிமண் பாளம் பாளமாக விழுந்தது. மேலே இருந்த கரி உள்ளே விழுந்தது. உள்ளே இருந்த மணல் வெளியே வந்தது. நடுவில் என் ரொட்டி நெருப்புக்குள் உருண்டது.

நான் யோசிக்கவே இல்லை. இரண்டு கையையும் உள்ளே விட்டேன்.

"ஏங்க!" என்று அலறினாள் உங்கள் அம்மா. "மாப்ளே, விடும்!" என்று கத்தினார் மாமனார். முக்காலி கவிழ்ந்தது. நான் ரொட்டியை வெளியே எடுத்து, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி, ஆடிக்கொண்டே அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"ரொட்டி… மாமா!"

கரியும் மணலும் அப்பிய ஒரு கறுப்பு உருண்டை. என் புருவம் ஒன்று பொசுங்கியிருந்தது. வேட்டியில் ஓட்டைகள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

உங்கள் அம்மா அரிவாள்மணையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தாள். கருகின மேல்தோலை வெட்டித் தள்ளினாள். ஒரு பக்கம் பச்சை மாவு, அதையும் தள்ளினாள். கடைசியில் நடுவிலிருந்து எலுமிச்சங்காய் அளவுக்கு வெள்ளையாக, ஓட்டை ஓட்டையாக, பஞ்சுபோல ஒரு துண்டு கிடைத்தது. வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எப்படிட்டி இருக்கு?" என்றார் மாமனார்.

"மண்ணெண்ணெய் அடிக்குது," என்றாள். விழுங்கினாள். "ஆனா ரொட்டிதான்."

மாமனார் கீழே கிடந்த தகரத்தைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் துண்டைத் தண்ணீரில் நனைத்து அதில் சுற்றினார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"ஏட்டி, பாதித் துணியை இங்கயே வையி. பிள்ளை பிறந்து தொண்ணூறு நாள் கழிஞ்சதும் நானே கொண்டாந்து விடுதேன். எத்தனையோ குடிகாரனைப் பாத்திருக்கேன். ஒருத்தனும் ஒரு வேலைக்கு இவ்வளவு பாடுபட மாட்டான். இது குடிச்சவன் செய்த காரியம் இல்ல. தெளிஞ்ச புத்தியோட இருக்கவன்தான் இவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்ய முடியும்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சாட்சிப் பத்திரம் அதுதான்.

சொன்னபடியே கொண்டுவந்து விட்டார். பெரியவளே, உன் காதில் சீழும் வடியவில்லை, அதற்கு நான் பொறுப்பு. அதன்பிறகு ஒவ்வொரு சீசனுக்கும் உங்கள் தாத்தா குற்றாலத்துக் கடையில் ஒரு ரொட்டி வாங்கி வந்து, "கடையில வாங்கினது மாப்ளே, பயப்படாம தின்னும்" என்று என் கையில் கொடுப்பார். அவர் மட்டும் ஒரு துண்டுகூடத் தின்னமாட்டார். அதில் என்ன ஊற்றிப் பிசைகிறார்கள் என்பதைப் பார்த்தவராயிற்றே!

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் எழுத உட்கார்ந்தேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை சின்னவன் நின்றுபோன சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, ஓடவைக்கிறேன் பேர்வழி என்று, கொல்லை முழுக்கச் சக்கரமாகப் பரப்பி வைத்திருந்தான். அடிக்கக் கையை ஓங்கினேன். அதற்குள் பெரியவள் நடுவில் வந்து நின்றுகொண்டு, தன் தாத்தா குரலிலேயே அவனிடம் கேட்டாள்:

"ஏலே, ஊது. தெளிஞ்ச புத்தியோடதானே செஞ்சே?"

அவன் ஊதினான். ஓங்கின கையைக் கீழே இறக்கி, நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.