பொம்பளத் தலை முத்திரை

"இந்த வாட்ச வித்து ஜீப் வாங்கலன்னா என் பேரு தாண்டவராயன் இல்ல" என்று அப்பா சத்தியம் செய்தார். அம்மா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் செய்தார். அவர் சத்தியமெல்லாம் அப்படித்தான்.

நான் வெண்ணிலா. அவர் பெண். பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாச்சு. இந்தக் கதையை நான் எழுதக் காரணம், அப்பா எழுதினால் அவர் ஜெயித்துவிடுவார்.

வாட்ச் அம்மாவின் அப்பாவுடையது, தங்கம். காவலூர் வானாய்வகத்துக்கு நட்சத்திரம் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரருக்கு அவர் சமைத்துப் போட்டார். ஊருக்குப் போகும்போது அந்த ஆள் தன் கையில் இருந்ததைக் கழற்றித் தாத்தா கையில் கட்டிவிட்டார். தாத்தா அதைக் கல்யாணத்தன்று மாப்பிள்ளை கையில் கட்டினார். அன்றைக்கே அது நின்றுவிட்டது. பத்து இருபது. "தாலி கட்டுன நேரம். அதோட எனக்கு நல்ல நேரம் நின்னுபோச்சி" என்பார் அப்பா.

அம்மா அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். வாட்ச் ஒன்றுதான், ஆசை இரண்டு. அப்பாவுக்கு எங்கள் மலையிலிருந்து ஆலங்காயத்துக்கு ஆள் ஏற்றிப்போக ஒரு பழைய ஜீப். அம்மாவுக்குச் சாமை குத்த ஒரு மிஷின். "எங்கப்பா போட்டது" என்பாள் அம்மா. "எனக்குப் போட்டது" என்பார் அப்பா. நான் அம்மா கட்சி. மிஷின் வந்தால் ஓட்டப்போவது நான். ஜீப் வந்தால் எனக்குப் பின் சீட்டுதான்.

அம்மா சந்தவாசலுக்கு, சசிகலா சித்தி வீட்டுப் புதுமனைக்குப் போனாள். மறுநாள்தான் வருவதாகப் பேச்சு. பீரோ சாவி அவள் இடுப்பில். ஆனால் எங்கள் பீரோ, ஓரமாக ஒரு குத்து விட்டால் தானே திறந்துகொள்ளும். அப்பா குத்தினார்.

"இப்ப இதுல தங்கம் எவ்ளோன்னு தெரியணும். தெரியாம போனா கடக்காரன் ஏமாத்திடுவான்."

புளி நிறுக்கும் தராசில் வைத்தார். முள் அசையவே இல்லை.

"அது மூட்ட நிறுக்கறதுப்பா."

"வாய மூடு."

"அதுவும் இல்லாம உள்ள இருக்கறது இரும்பு மிஷினு. வாரு தோலு. எல்லாத்தையும் சேத்து தங்கம்னு நிறுத்தா எப்படி?"

"வாய மூடுன்னேன்ல!"

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் குணசீலன் வந்தார். வேலூரில் ஒரு நகைக்கடை வாசலில் செக்யூரிட்டியாக நின்றவர். அதனால் எங்கள் ஊரில் தங்கத்துக்கு அவர்தான் நிபுணர்.

"நிறுத்துப் பாத்தா தெரியாதுண்ணே. தண்ணியில போடணும். வெளியே வழியிற தண்ணிய வெச்சி கணக்குப் போட்டுடலாம்."

"வாட்ச தண்ணியில போடுவாங்களா?" என்றேன்.

"வாய மூடு" என்றார்கள் இரண்டு பேரும்.

மூடினேன். சாமி மாடத்தில் இருந்த செம்பை எடுத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, வாட்சை உள்ளே விட்டார்கள். தண்ணீர் வழிந்தது. எதில் பிடிப்பது என்று யாருமே யோசிக்கவில்லை. வழிந்ததை எல்லாம் தரை குடித்துவிட்டது.

வாட்சை வெளியே எடுத்தார்கள். கண்ணாடிக்குள் மார்கழி மாதம். முள்ளும் தெரியவில்லை, நம்பரும் தெரியவில்லை.

"யோவ் குணசீலா, மூஞ்சிக்கு வேர்த்த மாதிரி கீதேய்யா!"

"தொறந்து தொடச்சிடலாம்ணே, பதறாத."

குணசீலன் காய் நறுக்கும் கத்தியை மூடிக்கு அடியில் விட்டு நெம்பினார். டக். பின் மூடி கழன்று விழுந்தது. அதன் உள்பக்கம் சின்னதாக எழுத்து. குணசீலன் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது.

"அண்ணே. 750ன்னு போட்டுருக்கான்."

"அதனால இன்னா?"

"தங்கம்னா 916ண்ணே! எங்க கடையில போர்டே அதுதான். 916 இல்லன்னா தங்கம் இல்ல. இது எதோ கலப்படம்."

"பக்கத்துல எதோ பொம்ம கீதே?"

"பொம்பள தல. பொம்பள படத்தப் போட்டே ஏமாத்திருக்கான் பாரு."

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜீப்பின் நாலு சக்கரமும் கழன்று ஓடியதை அவர் கண்ணில் பார்த்தேன். எனக்குச் சந்தேகம். போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்த் தேடினேன். விஷயம் தெரிந்துவிட்டது. திரும்பி வந்து, "அப்பா, அந்த 750 வந்து..." என்றேன்.

"இன்னொரு வார்த்த பேசுன, அறைஞ்சிடுவேன்."

சரி. பேசவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். "வெண்ணிலா, பையப் புடி!" அம்மா. அப்பா மூடியை அழுத்தினார், அது உட்காரவில்லை, முழங்காலில் வைத்து அழுத்தினார், உட்கார்ந்தது. எங்கே ஒளிப்பது? சாமை டின் திறந்திருந்தது. உள்ளே திணித்து, மேலே நிரவினார்.

"நாளைக்குத்தான வர்றேன்ன?" அப்பா குரல் கீச்சென்று வந்தது.

"அங்க ஒரே கூட்டம், வந்துட்டேன். ஏன், வரக்கூடாதா? குணசீலன் இன்னா இங்க?"

"சும்மா அண்ணி. மணி கேக்க வந்தேன்."

அப்பா அவர் காலை மிதித்தார்.

"தரையெல்லாம் இன்னா ஈரம்?"

"செம்பு சாஞ்சிடுச்சி."

"சாமி மாடத்துச் செம்பு நடு வூட்டுல வந்து சாஞ்சிச்சா?" என்று அம்மா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "சரி, பசிக்குது. சாமச் சோறு ஆக்கறேன்."

"வாணாம்! ஓட்டல்ல வாங்கியாறேன்!" என்று அப்பா கத்தினார். கல்யாணமான நாளாக அவர் சொல்லாத சொல். அம்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே டின்னுக்குள் படியை விட்டாள். முதல் படி, சாமை. அப்பா மூச்சு விட்டார். இரண்டாவது படியில் 'ணங்'.

அம்மா வாரைப் பிடித்து வாட்சைத் தூக்கினாள். ஈரத்தில் சாமை ஒட்டி, அது தேன்மிட்டாய் மாதிரி இருந்தது.

அப்பா பயத்தைக் கோபமாக மாற்றினார். "இன்னா பாக்கற? உங்கப்பன் எனக்குப் போட்டது தங்கமே இல்ல! 750! கலப்படம்! குணசீலனே சொல்லிட்டான்!"

"வெண்ணிலா, தண்ணி மொள்ளணும் வா" என்று அம்மா என்னைக் கொல்லைக்கு இழுத்துப்போனாள்.

"750ன்னா இன்னாடி?"

அந்த வீட்டில் என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவள்தான். சொன்னேன்.

திரும்பி உள்ளே வந்தபோது அம்மா கண்ணில் தண்ணீர். எங்கிருந்து வரவழைத்தாளோ.

"எங்கப்பா இப்படிப் பண்ணுவாருன்னு நெனைக்கலையே. சரிங்க. அந்தக் கருமத்த எனக்கே குடுத்துடுங்க. செத்தவரு நெனப்பா இருக்கட்டும்."

'ங்க' போட்டதும் அப்பா உருகிவிட்டார். "எடுத்துக்க. எனக்கு எதுக்கு?"

"அப்புறம் எனக்குப் போட்டதுன்னு சண்டைக்கு வரக் கூடாது. தார வாத்துக் குடுங்க. குணசீலன் சாட்சி."

அப்பா பெருந்தன்மையாக வாட்சை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்தார். அம்மா கீழே கையேந்தினாள். குணசீலன் அதே செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். அது ஏற்கெனவே தண்ணீர் பார்த்த வாட்ச்தானே.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மா மலையிறங்கி டவுனுக்குப் போனாள். ரிப்பேர் பார்க்க என்றாள். சாயங்காலம் ஒரு மினி லாரி வந்து வாசலில் நின்றது. மேலே பச்சை பெயின்ட் அடித்த சாமை மிஷின்.

"இது ஏதும்மே?" என்றார் அப்பா.

"எங்கப்பா நெனப்பு."

"அது டூப்ளிகேட்டாச்சே!"

"கடக்காரன் அந்தப் பொம்பள தலயப் பாத்ததும் எந்திரிச்சி நின்னான்யா. வெளிநாட்டுல தங்கத்துக்கு அதான் முத்திரையாம். ஆயிரம் பங்குல எழுநூத்தி அம்பது பங்கு சுத்தத் தங்கம்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"வாய மூடச் சொன்ன."

அவர் கொஞ்ச நேரம் மிஷினைச் சுற்றி வந்தார். பிறகு, பங்கு கேட்கும் குரலில் மெதுவாக, "அப்ப மீதி எரநூத்தி அம்பது?" என்றார்.

"அது செம்பு" என்றாள் அம்மா. "அத நீ எடுத்துக்க. மிஷினுக்குப் பூச போடணும், போய்த் தண்ணி புடிச்சிட்டு வா."

அப்பா செம்பைத் தூக்கினார்.