தேங்காய் எடையில் ஒரு லேப்டாப்

எங்கள் பக்கத்திலிருந்து வளைகுடா போனவர்களில் பாதிப் பேரை அனுப்பி வைத்தது விமானம் இல்லை, ஹையர் அக்கா. அவர் டைப் அடித்துக் கொடுத்த விண்ணப்பம் இல்லாமல் தஞ்சாவூரைத் தாண்டிய கொத்தனாரையோ சமையல்காரரையோ நான் பார்த்ததில்லை. மீதிப் பாதி? "அவங்களும் நம்மகிட்ட வந்தவங்கதான் சார். கூட்டத்தைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருப்பாங்க" என்பார் அக்கா.

தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை பாஸ். வணக்கம் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கோர்ட்டுக்கு எதிரே, நீளவாக்கில் ஒடுங்கிய ஒரு கடையில் அவருடைய டைப்ரைட்டர் இருந்தது. அவர் அடிக்க ஆரம்பித்தால் பக்கத்து டீக்கடையில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று பேசும். வரி முடிந்து மணி அடித்ததும் இடது கை விசுக்கென்று பாய்ந்து, உருளையின் நெம்புகோலை வலப்பக்கம் தள்ளும். பல வருஷப் பழக்கத்தில் அந்தக் கைக்கு மெஷின் தேவைப்படாமலே போய்விட்டது. பேசும்போதுகூட ஒரு வாக்கியம் முடிந்தால் கை பாயும். எதிரே நின்ற என் மூக்குக்கண்ணாடி இரண்டு முறை தெருவைக் கடந்திருக்கிறது.

காலத்தைச் சரியாகக் குறித்துவிடுகிறேன். செல்போன் எல்லார் பையிலும் ஏறிவிட்டது. அதிலேயே எல்லாம் செய்துகொள்ளலாம் என்பது இன்னும் வரவில்லை. அந்த இடைக்காலத்தில், சம்பா நாற்று நட்டுக்கொண்டிருந்த நாட்களில், கடைக் கட்டடத்தை இடிக்கப்போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த மகன் போன் பண்ணினான். "போதும்மா, கிளம்பி வா. இங்க பால்கனி இருக்கு. காத்தாட உக்காந்திரு."

"உக்காந்து?"

"உக்காந்து... ரோட்டைப் பாரு."

அக்கா போனை வைத்துவிட்டு, பக்கத்து டீக்கடையில் இருந்த என்னிடம் வந்தார். "சார், ரோட்டைப் பாக்கவா ரெண்டு ஹையர் பாஸ் பண்ணேன்?" நான் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டேன்.

அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. திருக்காட்டுப்பள்ளியிலும் பேராவூரணியிலும் புருஷன்மார் துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்க, பாஸ்போர்ட் மனு, பிள்ளையின் ஸ்கூல் கடிதம், இமெயில் என்று அலையும் பெண்கள் நிறைய. அவர்கள் தஞ்சாவூர் வர வேண்டாம். அக்கா லேப்டாப்போடு பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்கே போய்விடுவார். "பொங்கலுக்குள்ள ஓடலைன்னா பெங்களூர்தான்" என்று மகன் கெடு வைத்தான்.

தோள்பட்டைதான் இடைஞ்சல். "வலியில்லாம எவ்வளவு தூக்க முடியும்?" என்று டாக்டர் கேட்டதற்கு, "மட்டை உரிக்காத தேங்காய் ஒண்ணு" என்றார் அக்கா. "அதுக்கு மேல தொடாதீங்க" என்றார் டாக்டர். அக்கா அதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டார். பேராவூரணித் தேங்காய் ஒன்றை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு லேப்டாப் வாங்கக் கிளம்பினார். துணைக்கு நான்.

முதல் கடையிலேயே விற்பனைப் பையன் சிரித்தான். "வாங்கறதுக்கு முன்னாடியே பூஜையாம்மா?"

"மட்டை உரிக்காம எவன்டா பூஜை போடுவான்? அந்தக் கறுப்பு மெஷினைக் குடு."

வலது கையில் லேப்டாப், இடது கையில் தேங்காய். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். "இது ரெண்டு தேங்கா. வேற காட்டு."

பையன் ராம், ஹார்ட் டிஸ்க் என்று அடுக்கினான். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும். கரண்டே இல்லாம பேராவூரணி போயி, நாலு வீட்டுல வேலை முடிக்கிற வரைக்கும் உயிரோட இருக்குமா?" என்றார். பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி அடுத்த கடைக்கு வழி சொன்னார்.

இரண்டாவது கடையில் ஒரு தேங்காய் எடையில் மெலிசாக ஒன்று கிடைத்தது. கூடைக்குள் டிபன் பாக்ஸ் பக்கத்தில் கச்சிதமாக நின்றது. அடித்துப் பார்க்க உட்கார்ந்தார். கடையே அதிர்ந்தது. வரி முடிந்தது. இடது கை பாய்ந்தது. நெம்புகோல் இருக்க வேண்டிய இடத்தில் திரைதான் இருந்தது. லேப்டாப் கண்ணாடி மேஜையில் வழுக்கிக்கொண்டு போக, அந்தக் கடைப் பையன் பாய்ந்து மார்போடு அணைத்துப் பிடித்தான்.

"அய்யோ அக்கா!"

"மெஷின்னா நின்ன எடத்துல நிக்க வேணாமாடா?"

கனமானது நின்றது, தோள் தாங்கவில்லை. தோள் தாங்கியது நிற்கவில்லை. தஞ்சாவூரில் நாங்கள் ஏறாத கடை இல்லை. கடைசியில், கூடையில் தேங்காயைப் பார்த்ததுமே லேப்டாப்பை உள்ளே வைத்துவிட்டு விலைப்பட்டியலை மட்டும் நீட்டினார்கள்.

மார்கழி பாதி போய்விட்டது. ஊருக்கு வெளியே, கும்பகோணம் ரோட்டில் மிச்சமிருந்த ஒரு கடைக்குப் போனோம். அங்கேயும் எடை சரி, பேட்டரி சரி. அக்கா விரல்களை மேலே வைக்கவில்லை. "வேணாம் சார். இதுவும் பறக்கும். பால்கனிதான் நமக்கு எழுதியிருக்கு" என்று கூடையை மேஜைமேல் இடப்பக்கம் வைத்தார். இதுதான் கடைசி என்பதுபோல் ஒரு வரி அடித்தார்.

கை பாய்ந்தது. ஆனால் குறுக்கே கூடை நின்றது. கை அதன் பிடியில் பட்டது. பிடி 'டக்'கென்று வலப்பக்கம் சாய்ந்தது. தேங்காய்க் கனத்தில் கூடை அசையவில்லை. லேப்டாப்பும் அசையவில்லை.

அக்கா பிடியை நிமிர்த்திவிட்டு இன்னொரு வரி அடித்தார். டக். இன்னொன்று. டக். பக்கம் நிரம்பியதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மணி ஒண்ணுதான் சார் கொறச்சல்."

"அது சரிக்கா. லேப்டாப் ஒரு தேங்கா, தேங்கா ஒரு தேங்கா. டாக்டர் சொன்னது ஒண்ணுதானே?"

"டெல்டாவுல தேங்காய தூக்கிக்கிட்டா போவாங்க? போற வீட்டுல, கூடையில வைக்க ஒண்ணு கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

கொடுத்தார்கள். பேராவூரணியில் முதலில் போன வீட்டு மும்தாஜ் அக்காவுக்குத்தான் கொஞ்சம் குழப்பம். "சட்னி அரைக்கவா அக்கா?" என்று கேட்டிருக்கிறார். விஷயம் புரிந்த பிறகு, ஹையர் அக்காவுக்கென்று ஒரு தேங்காயைத் தனியாக எடுத்து வைத்து, குழம்புக்கு யாரையும் அதைத் தொடவிடவில்லை. பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகன், அம்மா மனு அடிக்கப் போய் வீட்டில் இல்லாததால் பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்து, தானே காப்பி போட்டுக் குடித்தான். பால்கனிப் பேச்சை அதோடு விட்டுவிட்டான்.

அந்த லேப்டாப் போய் வேறு வந்துவிட்டது. அது இன்னும் லேசு. மும்தாஜ் அக்கா வீட்டில் எடுத்து வைத்த தேங்காய்களில் ஒன்று காத்திருந்து காத்திருந்து முளைவிட, கொல்லையில் நட்டுவிட்டார்கள். இப்போது அது காய்க்கிறது. அக்காவுக்கு அந்த மரத்துக் காய்தான்.

நாளைக்கு என் வீட்டுக்கு வருகிறார், என் பென்ஷன் மனு ஒன்றை அடிக்க. மேஜையில் இடப்பக்கம் தேங்காய் எடுத்து வைத்துவிட்டேன். கண்ணாடியை மட்டும் இந்தத் தடவை கழற்றப்போவதில்லை. போனால் போகட்டும்.