சூரியத்துரையின் பன்னிரண்டு மணி

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலேயே சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்த ஒரே மனிதர் சூரியத்துரைதான். அவருடைய நேரம் எது என்பதுதான் மற்றவர்களுக்கு விளங்கவில்லை.

தொண்ணூறுகளில் நான் அங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், பேஸ்மன்ற்றில், வாடகைக்கு இருந்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர்தான் சூரியத்துரை. இங்கிலாந்தில் பாதி ஊர் அவருடைய பரம்பரைச் சொத்து என்று பேச்சு. போட்டிருந்த ஸ்வெற்றரிலோ முழங்கை வெளியே தெரியும். செல்வமெல்லாம் வீடு நிறைந்த பழம்பொருட்களிலும், வளவில் வட்டக் கூரை போட்டு நிறுத்திய பெரிய தொலைநோக்கியிலும் போயிருந்தது. அதன் வழியே சூரியனை வெள்ளைத்தாளில் விழுத்தி, அதன் கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைவார். நாற்பது வருடமாக, நாள்தோறும். நான் நாற்பது நாள் தொடர்ந்து பல் விளக்கியதற்கே சாட்சி இல்லை.

ஒருநாள் பழைய யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தைக் குப்பையில் போட்டேன். துரை ஓடிவந்து அதை எடுத்து, கைக்குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்தார். அதன்பிறகு நான் அதை அவருக்கு ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மூன்று மாதத்தில் அவர் எனக்கு விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

ஊர்க் கடிகாரத்தை மட்டும் நம்பமாட்டார். சூரியன் உச்சிக்கு வந்தால்தான் அவருக்குப் பன்னிரண்டு. கோடையில் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளிவைக்கும் ரொறன்ரோவில் அது ஒன்று இருபதுக்குத்தான் வரும். பன்னிரண்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் ஒன்று இருபதுக்கு வாசலில் நிற்பார். எங்கள் ஆட்களுக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

அந்த ஜூலையில் என் கலியாணம். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் தாலி கட்டும் மூர்த்தம். பஞ்சாங்கத்தில் இருந்த யாழ்ப்பாண நேரத்தை மாமா, அதாவது பெண்ணின் தகப்பன், அப்படியே அழைப்பிதழில் அச்சடித்திருந்தார். பக்கத்து நகரமான பிறம்ரனிலிருந்து வந்த பெண் வீட்டார் நெடுஞ்சாலை நெரிசலில் அகப்பட்டு மண்டபத்துக்குள் வரும்போது பத்தே முக்கால்.

"நேரம் தப்பிப்போச்சு. இனித் தாலி கட்ட விடமாட்டன். அடுத்த வருசம் பாப்பம்" என்றார் மாமா.

"அப்பா, ஒரு வருசமோ?" என்று பெண் அழத் தொடங்கினாள். எனக்கும் அழுகைதான் வந்தது.

ஒன்பதரைக்கு அழைத்திருந்த துரை, வழக்கம்போலப் பத்து ஐம்பதுக்கு உள்ளே வந்தார். நடந்ததைச் சொன்னேன். சூரியனைப் பார்த்துத் தானே திருத்தி வைத்திருந்த கடிகாரத்தைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மாமாவிடம் நீட்டினார். அதில் ஒன்பதரை.

"பஞ்சாங்கம் எழுதியவர் பார்த்தது சூரியனை. உங்கள் மண்டபக் கடிகாரத்தை அல்ல. இன்னும் அரை மணி இருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

மாமா ஐயரைப் பார்த்தார். "உவர் சொல்லுறது சரியோ ஐயா?"

ஐயர் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். "ஓம். இஞ்சத்தைச் சூரியனுக்கு மாத்தாமல் விட்டது எங்கடை பிழைதான். கெதியா மேளத்தை அடிக்கச் சொல்லுங்கோ."

துரையின் கடிகாரத்தை மாமாவே கையில் பிடித்துக்கொண்டு நிற்க, ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் தாலி கட்டினேன். அந்த மனிதரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

அதன்பிறகு எங்கள் திருமணநாள் விருந்துக்கு ஒரு வருடமும் அவர் தவறியதில்லை. இப்போது அவர் இல்லை. இன்றும் திருமணநாளில் சமையல் பன்னிரண்டுக்கே முடிந்துவிடும். பிள்ளைகள் பசி என்று முனகினாலும் மனைவி அசையமாட்டாள். ஒன்று இருபதுக்குத்தான் எழும்புவாள்.

"துரை வாற நேரமாச்சு. இனிச் சோறு போடுவம்."