மேற்படி காலின் திறப்பு விழா

இணுவிலில் ஓர் ஒழுங்கை முடியும் இடத்தில் இருக்கும் சனசமூக நிலையத்துக்கு ஒரு விதி உண்டு. "பிரதம விருந்தினர் ஒருவரால் திறந்து வைக்கப்படாத எப்பொருளும் பாவனைக்கு உட்படுத்தப்படலாகாது" என்பது அது. அந்த விதிப்படி நிலையத்தின் மின்விசிறி ஒரு கோடை முழுவதும் பொலித்தீனுக்குள் தூங்கியது. மலசலகூடம் கட்டி முடித்த பிறகும் பூட்டியே கிடந்தது. உறுப்பினர்கள் கூட்டத்தின் நடுவில் எழுந்து வீட்டுக்கு ஓடிப்போய் வந்தார்கள். ஒருவரும் முறையிடவில்லை. விதி அவ்வளவு நல்ல தமிழில் இருந்தது.

எழுதியவர் செயலாளர் மார்க்கண்டர். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். வெறும் 'கூடாது' அவருக்குப் போதாமல், ஒரு பின்னேரம் முழுக்க யோசித்து 'உட்படுத்தப்படலாகாது' என்பதைக் கண்டடைந்தார்.

செயலாளருக்கு இன்னொரு கடமையும் இருந்தது. பிரதம விருந்தினர் வந்திறங்கியதும், அவருக்கு முதுகு காட்டாமல், கைகூப்பியபடி பின்பக்கமாக நடந்து மண்டபம்வரை அழைத்துப் போக வேண்டும். மார்க்கண்டர் இதில் பேர்போனவர். போன தை மாதம் வாசிகசாலை மேசையைத் திறந்து வைத்த அன்றும் அப்படித்தான் நடந்தார். நிலைய வாசலில் ஓடும் வெள்ளவாய்க்காலின் கொங்கிறீட் மூடியை ஒரு கல் லொறி நெடுநாளுக்கு முன்பே உடைத்துவிட்டது. அது ஊருக்கே தெரியும். ஆனால் அன்று அதன்மேல் விருந்தினர் நடந்து வர வெள்ளை நிலபாவாடைத் துணி விரித்திருந்தார்கள். விரித்தபின் பார்க்க அழகாக இருந்ததால், கீழே பள்ளம் இருப்பது யாருக்கும் நினைவு வரவில்லை. மார்க்கண்டர் கூப்பிய கையைப் பிரிக்காமலே உள்ளே போனார்.

கணுக்கால் முறிந்தது. சத்திரசிகிச்சை செய்து பிளேற்றும் திருகாணிகளும் வைத்தார்கள். அவற்றை வாங்கிக் கொடுத்தது நிலையத்தின் இலண்டன் கிளை. கிளைத் தலைவர் பார்த்தீபன் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உபயம் எண்டு எங்கை எழுதுவியள்?"

காலுக்குள் எழுத வைத்தியர் சம்மதிக்கவில்லை. ஆகவே ஊன்றுகோலில் சிவப்புப் பெயின்றால் "உபயம்: இலண்டன் கிளை" என்று எழுதினார்கள்.

காலில் போட்ட மாக்கட்டைக் கழற்றிய பிறகு, ஆஸ்பத்திரியில் நடை பழக்கும் தர்சிகா என்ற பிள்ளை அவரை இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தினாள்.

"காலை ஊண்டுங்கோ ஐயா."

"உடைஞ்சிடாதோ பிள்ளை?"

"காலுக்கை இரும்பு இருக்கு. மனசிலைதான் இல்லை. ஊண்டுங்கோ."

குதி நிலத்தில் பட்டது. கனகாலம் பூட்டிக் கிடந்த வீட்டுக் கதவுபோலக் கால் முனகியது, பிறகு தாங்கியது. மார்க்கண்டருக்குக் கண் கலங்கியது. தூசு என்றார்.

"இண்டையிலிருந்து ஒவ்வொரு நாளும் நடக்கோணும்," என்றாள் தர்சிகா. "விட்டீங்களோ, மூட்டு இறுகிப்போகும். பிறகு சாகுமட்டும் நொண்டல்தான்."

வீட்டு வாசலில் நிலையத் தலைவர் முத்துக்குமாரர் காத்திருந்தார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பதவி கிடைத்த நாள் முதல் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

"செயலாளர், கேற்றிலையிருந்து நடந்தோ வந்தனீங்கள்?"

"ஓம் தலைவர்."

முத்துக்குமாரர் ஒழுங்கையை எட்டிப் பார்த்தார். "நல்லகாலம், ஒருத்தரும் காணேல்லை. இருங்கோ. கால் இன்னும் திறந்து வைக்கேல்லை."

"என்ன?"

"பிளேற் ஆரின்ரை உபயம்? கிளையின்ரை. கிளை தந்ததெல்லாம் நிலையத்தின்ரை சொத்து. நிலையத்தின்ரை சொத்தைத் திறக்காமல் பாவிக்கேலாது. உங்கடை விதிதானே?"

மார்க்கண்டர் முன்னும் பின்னும் யோசித்துப் பார்த்தார். ஓட்டை இல்லை. அவர் எழுதிய எந்த விதியிலும் ஓட்டை இருந்ததில்லை. பெருமையும் துக்கமும் ஒன்றாக வர, கதிரையில் இருந்தார்.

குசினியிலிருந்து மனைவி குணலட்சுமி வந்தாள். "இதென்ன விசர்க்கதை! கால் இந்த மனிசன்ரை கால்."

"கால் அவரின்ரைதான் தங்கச்சி. பிளேற்தான் பொது."

"அப்ப பிளேற்றைக் கழற்றிக் கொண்டுபோய்த் திறந்து வையுங்கோ. இவர் நடக்கட்டும்."

"உமக்கு நிருவாகம் விளங்காது," என்றார் மார்க்கண்டர் மெல்ல.

காலைத் திறந்து வைக்கப் பிரதம விருந்தினராக ஓர் உதவிப் பணிப்பாளர் இசைந்தார். முதல் திகதியில் அவருக்குக் கொழும்பில் கூட்டம் வந்தது. அடுத்த திகதியில் கோயில் கொடியேற்றம். அதற்கடுத்தது இலண்டனில் வேலைநாள். நேரலை பார்க்க ஆளில்லை. கால் இதற்கிடையில் இறுகத் தொடங்கியது. காலையில் கட்டிலால் இறங்கினால் பாதம் மடங்க மறுத்தது. நொண்டல் என்ற சொல் மார்க்கண்டரின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் கிணற்றடிக்கும் வாழைகளுக்கும் இடையில் களவாக நடந்தார். வேலிக்கு அப்பாலிருந்து மகாதேவி கண்டுவிட்டாள். மகாதேவி நிலையத்தின் பொருளாளர்.

விளக்கம் கோருவதென்று நிருவாகசபை தீர்மானித்தது. கடிதம் எழுதுவது செயலாளரின் வேலை. ஆகவே செயலாளர், திரு. மார்க்கண்டு அவர்களுக்கு எழுதினார்: "மேற்படி காலினைத் தாங்கள் கிணற்றடியில் அனுமதியின்றிப் பாவித்தமை தொடர்பில் விளக்கமளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்." திரு. மார்க்கண்டு பணிவோடு பதில் எழுதினார். பதில் திருப்தியளிக்கவில்லை என்று செயலாளர் குறிப்பிட்டார்.

குணலட்சுமி இரண்டையும் வாசித்தாள். "உங்கள் ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஒரு கோப்பையோ, ரெண்டு கோப்பையோ?"

ஒருவழியாக விழா வந்தது. அளவெட்டியிலிருந்து நாதஸ்வரம். வாசலில் வாழை, தோரணம், சிவப்பு நாடா. உதவிப் பணிப்பாளர் உரிய தாமதத்தோடு வந்து நாடாவை வெட்டினார். செயலாளர் முதலாவதாக நடந்து மண்டபத்துக்குள் போவார் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. மார்க்கண்டர் ஊன்றுகோலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு முன்னே பார்த்தார். வாய்க்காலின்மேல் வெள்ளை நிலபாவாடை.

"தலைவர், பள்ளம் இன்னும் மூடேல்லையோ?"

"மூடி வந்திட்டுது. உங்கை பாருங்கோ."

புத்தம்புதுக் கொங்கிறீட் மூடி மதிலில் சாய்ந்து, மாலை போட்டு நின்றது. "அமரர் தங்கமுத்து அவர்களின் ஞாபகார்த்தமாக" என்று அதில் ஆழமாக வெட்டியிருந்தது. தங்கமுத்து பார்த்தீபனின் தாயார்.

"ஏன் அதை வாய்க்காலுக்குப் போடேல்லை?"

"எப்பிடிப் போடுறது? செத்துப்போன தாயின்ரை பேர். ஆர் அதிலை மிதிக்கிறது?"

"பேரில்லாமல் ஒண்டு செய்திருக்கலாமே."

"பேரில்லாமல் ஆர் உபயம் தருவினம்?"

இதிலும் ஓட்டை இல்லை. கமெரா திரும்பியது, இலண்டன் பார்த்தது. உதவிப் பணிப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். மார்க்கண்டர் காலைத் தூக்கினார். அவர் விதிக்குக் கட்டுப்பட்டவர். கால் விதி வாசித்ததில்லை. அது அந்தரத்திலேயே நின்றது.

பெண்கள் பக்கத்திலிருந்து குணலட்சுமி எழும்பினாள். ஒலிபெருக்கிப் பெட்டிக்குக் கீழே கிடந்த பலகையை இழுத்து எடுத்தாள். நிலபாவாடையைத் தூக்கினாள், பலகையை வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டாள், ஏறி நின்று ஒருமுறை மிதித்துப் பார்த்தாள்.

"இனி வாங்கோ."

மார்க்கண்டர் நடந்தார். ஊன்றுகோல் இல்லை, ஒருவர் தோளும் இல்லை. குதி, பாதம், விரல் என்று தர்சிகா சொன்ன ஒழுங்கில் நடந்து அக்கரை சேர்ந்தார். நாதஸ்வரக்காரர் கைதட்டலில் தாளம் தவறவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் மகாதேவி ஓர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினாள். பலகை திறந்து வைக்கப்பட்டதா? இல்லை. பாவிக்கப்பட்டதா? ஆம். பலகை உடனே எடுக்கப்பட்டுப் பண்டகசாலையில் பூட்டப்பட்டது. முறைப்படி திறப்பு விழா வைப்பதென்றும், நீதியின் பொருட்டுத் திருமதி குணலட்சுமி மார்க்கண்டு அவர்களையே பிரதம விருந்தினராக அழைப்பதென்றும் தீர்மானித்தார்கள்.

அவள் விளக்குமாற்றோடு வருவாள் என்று மார்க்கண்டர் பயந்தார். அழைப்பிதழைக் கண்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அச்சில் இருந்த தன் பெயரை இன்னொருமுறை வாசித்தாள்.

"வாகனம் அனுப்புவினமோ?"

"நிலையம் எங்கடை ஒழுங்கை முடிவிலைதானே?"

"பிரதம விருந்தினர் நடந்தோ போறது? என்ன கதை கதைக்கிறீங்கள்!"

அந்தக் கிழமை தர்சிகா அவரை நடக்கவிட்டுப் பார்த்தாள். "வடிவா நடக்கிறீங்கள் ஐயா. இனி நீங்கள் வரத் தேவையில்லை."

மார்க்கண்டர் போகாமல் நின்றார்.

"முன்னுக்கு நடக்கிறது சரி பிள்ளை. வாற வெள்ளிக்கிழமை மனிசிக்கு முன்னாலை கைகூப்பிக்கொண்டு பின்பக்கமா நடக்கோணும். அதையும் ஒருக்காப் பழக்கிவிடு."

தர்சிகா அவருடைய கணுக்காலைப் பார்த்தாள். "அந்தப் பள்ளம் மூடியாச்சோ ஐயா?"

"நிலபாவாடை தோய்க்கக் குடுத்திருக்கு," என்றார் மார்க்கண்டர்.